பத்து வருஷம் கழித்தும் ஒரே செட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் 2012-இல் தர்மபுரியில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி சேர்ந்து 2015-இல் வெளியே வந்த செட். மொத்தம் 52 பேர். பத்து வருஷம் ஆனதற்கு 2025 ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடினோம், 31 பேர் வந்தார்கள். அதற்காக ஓடியாடியவர்களில் நானும் ஒருவன். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், அதனால் கூடினபோது எடுத்த போட்டோவைப் பார்த்துவிட்டு ஜூனியர் செட், பக்கத்து டிபார்ட்மெண்ட், கிருஷ்ணகிரியில் படித்த ஆட்கள் என்று யார் யாரோ கடைக்கே வந்து கேட்கிறார்கள். கேட்பது எல்லாம் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் டீ வாங்கிக் கொடுத்துப் பதில் சொல்லிக் கட்டுப்படியாகவில்லை, எழுதி வைத்துவிட்டேன்.

இத்தனை வருஷம் கழித்து எல்லாருடைய நம்பரையும் எப்படிப் பிடித்தீர்கள்?

முதலில் நம்பர் ஏன் தொலைந்தது என்று சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. நாங்கள் வெளியே வந்த ஏப்ரல், மே மாதத்தில் பாதிப் பேர் பெங்களூருக்கு வேலைக்குக் கிளம்பினார்கள். கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி தாண்டினாலே ரோமிங். தமிழ்நாட்டு நம்பரை அப்படியே கர்நாடகாவுக்கு மாற்றிக்கொள்ளும் வசதி அந்த வருஷம் ஜூலையில்தான் வந்தது, அதற்குள் எல்லாரும் அங்கேயே புது சிம் வாங்கிவிட்டார்கள். அடுத்த வருஷம் செப்டம்பரில் ஜியோ வந்தது, இலவசம் என்றதும் எல்லார் கையிலும் இன்னொரு சிம். 2018 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் நிறையப் பேர் வைத்திருந்த ஏர்செல் கம்பெனி டவரே இல்லாமல் போனது, மாற்றிக்கொள்ளத் தெரிந்தவர்கள் மாற்றிக்கொண்டார்கள், மற்றவர்களின் நம்பர் அதோடு போச்சு. ஆக, 2015-இல் நீங்கள் சேமித்த நம்பரில் பாதி இன்று செத்தது, இல்லாவிட்டால் யாரோ ஒருவருடையது. ரீசார்ஜ் செய்யாமல் 90 நாள் சும்மா கிடந்தாலே நம்பரை எடுத்துவிடலாம், பிறகு வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம். நான் கூப்பிட்ட ஒரு நம்பரை எடுத்த பெரியவர், "நீ நாலாவது ஆளுப்பா, அந்தப் பையன் கிடைத்தால் எனக்கும் சொல்லு" என்றார்.

அதனால் போனை ஓரமாக வைத்துவிட்டு ஆட்டோகிராஃப் நோட்டை எடுங்கள். கடைசி வருஷம் எல்லாரிடமும் கொடுத்து "என்னை மறந்துவிடாதே" என்று எழுதி வாங்கினோமே, பூப் படம் ஒட்டின நோட்டு, அதேதான். கவிதையை விட்டுவிடுங்கள், கடைசி வரியில் முகவரி இருக்கும். தெரு, ஊர், அஞ்சல், வழி, தாலுகா. பையன் பெங்களூரில் இருக்கலாம், சூரத்தில் இருக்கலாம், அப்பா அம்மா அதே ஊரில்தான் இருப்பார்கள். பாலக்கோடு, மாரண்டஹள்ளி, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கமெல்லாம் ஊருக்குள் போய் டீக்கடையில் "காலேஜ் படித்தவன், அப்பா தக்காளி போடுவார்" என்றால் வீட்டு வாசல் வரை கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். அப்படி மூன்று ஞாயிற்றுக்கிழமையில் பதினோரு பேரைப் பிடித்தோம்.

இன்னொரு வழி பஸ். நாங்கள் எல்லாரும் பஸ் பாஸ் ஆட்கள், வகுப்பில் யார் யாருக்கு நெருக்கம் என்பதை ரூட்தான் முடிவு செய்தது. பென்னாகரம் பஸ், காரிமங்கலம் பஸ், தொப்பூர் பஸ். படிக்கட்டில் ஒன்றாகத் தொங்கினவர்கள் இன்றும் தொடர்பில் இருக்கிறார்கள். ஒரு ரூட்டுக்கு ஒரு ஆளைப் பிடித்தால் அந்த ரூட் முழுக்கக் கைக்கு வந்துவிடும். ஹாஸ்டல்காரர்கள்தான் சிதறிப் போயிருந்தார்கள், அவர்களைத் தேடத்தான் ரொம்ப நாள் ஆனது.

வாட்ஸ்ஆப் குரூப் இருக்கிறதே, அது போதாதா?

போதாது. எங்கள் குரூப்பில் 44 பேர் இருக்கிறார்கள். அதில் ஆறு பேர் காலை வணக்கம் போடுகிறார்கள், ஒருவர் தங்கம் விலை போடுகிறார், மற்றவர்கள் மியூட். குரூப்பை நான் காலேஜ் நோட்டீஸ் போர்டு மாதிரிதான் நினைக்கிறேன்: யாருக்குக் கல்யாணம், யார் அப்பா தவறிவிட்டார், எந்த மண்டபம், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், அவ்வளவுக்குத்தான் அது. நோட்டீஸ் போர்டு முன்னால் நின்று யாராவது மனசு விட்டுப் பேசுவார்களா? வாரத்துக்கு ஒரு ஆளுக்குத் தனியாக போன் போடுங்கள், பத்து நிமிஷம் போதும். 52 பேர் செட்டுக்கு வருஷத்துக்கு 52 வாரம், கணக்கு தானாக அமைந்துவிட்டது. நான் நடுவில் பல வாரம் விட்டுவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறந்தநாளுக்கு கேக் படம் போடுவதை நிறுத்தச் சொல்லி ஒருமுறை சண்டையே வந்தது. நிறுத்தவில்லை.

சிலர் குரூப்பில் இருந்துகொண்டே பதில் பேசுவதில்லை, கூப்பிட்டால் எடுப்பதில்லை. திமிரா?

கடையில் அதிகம் பேர் கேட்பது இதைத்தான். கேட்கும்போது முகத்தில் கோபம் இருக்கும். அவர்களுக்கு என் கதையையே சொல்லிவிடுவேன்.

2016-இலிருந்து 2018 வரை நானும் எடுக்காதவன்தான். என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் ஓசூரில் சரக்கின் தரம் சோதிக்கிற க்யூசி லேபில், இன்னொருவன் பொம்மசந்திராவில் மருந்துக் கம்பெனியில், எல்லாரும் கழுத்தில் ஐடி கார்டோடு டிபி வைத்திருந்தார்கள். நான் ஒரு கடையில் கீழே உட்கார்ந்து உடைந்த டிஸ்ப்ளேவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "என்னடா பண்ற" என்ற கேள்விக்குப் பதில் சொல்லப் பயந்தே போனை எடுக்கவில்லை. அவர்கள் எதுவும் நினைத்திருக்க மாட்டார்கள் என்பது இப்போது தெரிகிறது, அப்போது தெரியவில்லை. ஒருநாள் அந்த ஓசூர்க்காரனே போன் ரிப்பேருக்கு என் கடைக்கு வந்து நின்றான், நான் மேஜைக்கடியில் ஸ்க்ரூ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். "எழுந்திருடா, பார்த்துட்டேன்" என்றான்.

எடுக்காதவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் இருப்பார்கள். வேலை இல்லை, கல்யாணம் தள்ளிப் போகிறது, கல்யாணம் முறிந்துவிட்டது, குழந்தை இல்லை, கடன், ஐந்து வருஷமாக டிஎன்பிஎஸ்சி எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். அரியர் முடிக்காத ஒருவனுக்கு "டிகிரி ஹோல்டர்ஸ்" என்ற எங்கள் குரூப் பெயரே குத்தியிருக்கிறது, அவன் சொன்ன பிறகு பெயரை மாற்றினோம். இப்போது "கெமிஸ்ட்ரி லேப்". லேபில் எல்லாரும் இருந்தோம் இல்லையா.

என்ன செய்யலாம் என்றால், "ஏன் பேசுவதில்லை" என்று குரூப்பில் பெயர் சொல்லிக் கேட்காதீர்கள். பதில் தேவைப்படாத மெசேஜ் தனியாக அனுப்புங்கள். "பாப்பாரப்பட்டி வழியாகப் போனேன், உன் ஞாபகம் வந்தது" என்றால் போதும். சம்பளம், கல்யாணம், விசேஷம் இந்த மூன்றையும் முதல் போனில் கேட்காதீர்கள். ஒருவன் எட்டு மாசம் கழித்து அப்படி ஒரு மெசேஜுக்குக் கட்டைவிரல் காட்டினான். சந்திப்புக்கு வந்தான்.

பெண்களை எப்படிச் சேர்த்தீர்கள்? எங்கள் செட்டில் ஒருவர்கூட வருவதில்லை.

எங்கள் 52-இல் 23 பேர் பெண்கள், வந்தவர்கள் ஒன்பது பேர். பெருமைப்படும் கணக்கு இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு நம்பர் மாறும், இனிஷியல் மாறும், ஊர் மாறும், சிலருக்கு வீட்டுக்கே ஒரே போன்தான், அது கணவர் கையில். ஆண்கள் யாரும் நேரடியாகக் கூப்பிடக் கூடாது என்று முடிவு செய்து, தோழி ஒருவர் பொறுப்பெடுத்து எல்லாரையும் அவரே அழைத்தார். கணவர், பிள்ளைகள், மாமியார் யார் வந்தாலும் சரி என்று சொன்னதுதான் வேலை செய்தது. மூன்று மாமியார்கள் வந்தார்கள், அவர்களில் ஒருவர் பந்தியையே கையில் எடுத்துக்கொண்டார்!

கேட்காமல் போட்டோவைப் பொதுவில் போடாதீர்கள். பழைய "யார் யாரைப் பார்த்தான்" கதைகளையும் பிள்ளைகள் முன்னால் எடுக்காதீர்கள். இதில் எங்கள் ஆள் ஒருவன் சொதப்பினான், மேற்கொண்டு எழுதவில்லை.

எந்த நாள், எந்த இடம்?

நாள்தான் கஷ்டம். ஞாயிறு எல்லாருக்கும் லீவு என்று நினைக்காதீர்கள், சிப்காட்டில் ஷிப்ட் ஆட்களுக்கு வார விடுமுறை வேறு கிழமையில் வரும், இரண்டு மாசம் முன்னால் சொன்னால்தான் மாற்றிக்கொள்வார்கள். தீபாவளிக்கு ஊருக்கு வருவார்கள் என்றாலும் பாதிப் பேர் மாமனார் வீட்டில். பொங்கலுக்கு வருவார்கள், கரிநாளில் கூடலாம் என்று பார்த்தால் கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆட்கள் எருது விடும் விழாவுக்குப் போய்விடுவார்கள், அவர்களைக் கடவுளே கூப்பிட்டாலும் வரமாட்டார்கள். மார்கழியில் மண்டபம் காலியாக இருக்கும், ஆனால் சபரிமலைக்கு மாலை போட்டிருப்பார்கள், பிரியாணி போட்டால் எட்டுப் பேர் தயிர் சாதத்தோடு தனியாக உட்காருவார்கள். மே, ஜூன் மாசத்தில் மாங்கூழ் ஃபேக்டரி ஆட்களுக்கு மூச்சு விட நேரமில்லை, சீசனே அப்போதுதான்.

கழித்துக் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது ஆடி. முகூர்த்தம் கிடையாது, மண்டபம் சும்மா கிடக்கும், வாடகை பேசிக் குறைக்கலாம், சமையல் மாஸ்டரும் கிடைப்பார், வேறு யார் கல்யாணமும் குறுக்கே வராது. ஊர் மாரியம்மன் திருவிழா மட்டும் எந்த வாரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இடத்தை பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் வையுங்கள். தர்மபுரிக்கு சேலம்–பெங்களூர் ரயில் இருக்கிறது, 44-ஆம் நம்பர் நெடுஞ்சாலையில் ராத்திரி முழுக்க பஸ் ஓடுகிறது. சென்னையிலிருந்து வருபவர்களுக்குக் கிருஷ்ணகிரி இறங்கி மாறுவது சுலபம். கிருஷ்ணகிரி செட் என்றால் அங்கே ரயில் இல்லை, ஆனால் பெங்களூர், சென்னை, சேலம் மூன்று பக்கமும் ரோடு அங்கேதான் சேர்கிறது, அதனால் கவலையில்லை. கார் வைத்திருப்பவன் வசதிக்கு ரிசார்ட் பார்த்தீர்கள் என்றால், கார் இல்லாதவன் "வேலை இருக்கு மச்சி" என்று சொல்லிவிடுவான். நிஜமாகவே வேலை இருக்கிறது என்று நீங்களும் நம்பிவிடுவீர்கள்.

ஒகேனக்கல் போகலாமே? 46 கிலோமீட்டர்தானே?

போகலாம், ஆடி ஆவணியில் வேண்டாம். 2019 ஆகஸ்டில் நாங்கள் முதல்முறை முயற்சி செய்தது அங்கேதான். கர்நாடகாவில் மழை கொட்டி அணைகளைத் திறந்துவிட்டார்கள், காவிரியில் லட்சக்கணக்கான கனஅடி வந்தது, குளிக்கவும் தடை, பரிசலுக்கும் தடை. ஒன்பது பேர் போய் தூரத்தில் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டு, மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். வராமல் வீட்டில் இருந்த ஒருவன் "எண்ணெய்க் குளியல் எப்படி" என்று கேட்டபோது கோபம் வந்தது. நீர்வரத்து குறைந்த மாசி, பங்குனியில் போங்கள். ஆடிப்பெருக்கு அன்று மட்டும் தலை வைத்துப் படுக்காதீர்கள், அந்தக் கூட்டத்தில் பிள்ளைகளைத் தொலைத்துவிடுவீர்கள்.

செலவு எப்படி? எல்லாரும் சமமாகப் போட வேண்டுமா?

தலைக்கு 400 என்று வைத்தோம், பிள்ளைகளுக்கு இல்லை. அதற்கு மேல் கொடுக்க முடிந்தவர்கள் ஒரே ஒருவரிடம் தனியாகக் கொடுத்தார்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பட்டியலைக் குரூப்பில் போடவில்லை. மொய் நோட்டு வேறு, இது வேறு. பட்டியல் போட்டால் கொடுக்க முடியாதவன் சந்திப்புக்கே வரமாட்டான். பில்லை மட்டும் போட்டோ எடுத்துப் போட்டோம்: மண்டபம், அரிசி, கறி, மாஸ்டர் கூலி, தண்ணீர் கேன். களியும் கோழிக் குழம்பும் தனியாகக் கொஞ்சம் போட்டிருந்தோம், பிரியாணிக்கு முன்னால் களிதான் காலியானது.

செட்டுக்குள் சீட்டு பிடிக்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம். பதிவு இல்லாமல் சீட்டு நடத்துவதே சட்டப்படி தப்பு, அது போக ஒருவன் தவணை தவறினால் பத்து வருஷ நட்பு ஒரே மாசத்தில் போய்விடும்.

ஒருவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு, அவசரம் என்று குரூப்பில் மெசேஜ் வந்தால்?

முதலில் போன் போடுங்கள். மெசேஜை நம்பிப் பணம் போடாதீர்கள். எங்கள் ஆள் ஒருவனின் வாட்ஸ்ஆப்பை யாரோ பிடித்துக்கொண்டு "அர்ஜென்ட் 8,000" என்று இருபது பேருக்கு அனுப்பினார்கள், அவன் போனுக்கு வந்த ஆறு இலக்க ஓடிபி எண்ணை யாருக்கோ சொல்லித் தொலைத்திருக்கிறான். இரண்டு பேர் போட்டும் விட்டார்கள். அப்படி ஆனால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

நிஜமான அவசரம் என்றால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள், தகுதி உள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை வரும். ஆஸ்பத்திரிப் பதற்றத்தில் அதைக் கேட்க வீட்டு ஆட்களுக்குத் தோன்றாது. பணம் திரட்டினால் குடும்பத்தின் கணக்குக்கே நேராகப் போகட்டும், நடுவில் ஒருவர் கணக்கு வேண்டாம். அப்புறம், ராத்திரி ஆஸ்பத்திரியில் கூட இருக்க ஒரு ஆள் போங்கள். எங்களில் பண உதவியைச் சொல்லிக் காட்டியவர்கள் உண்டு, பிளாஸ்க்கோடு வந்து வெளி பெஞ்சில் படுத்தவனை மறந்தவர்கள் இல்லை.

அரசியல், சாதி பேச்சு வந்தால்?

கட்சிச் சண்டையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, தேர்தல் முடிந்தால் ஓய்ந்துவிடும். சாதி அப்படி இல்லை. 2012 நவம்பரில் தர்மபுரி பக்கத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் வீடுகளை எரித்தபோது நாங்கள் முதல் வருஷம், வகுப்பில் சேர்ந்தே சில மாசம்தான். அந்த வாரம் யார் எந்த பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்தார்கள் என்பது எனக்கு இன்னும் மறக்கவில்லை, நான் மாறவில்லை என்று பெருமை பேசவும் முடியாது, நான் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அதனால் குரூப்பில் சாதிப் பெருமை வீடியோ வந்தால் அட்மின் கேட்காமல் அழிக்கலாம் என்று ஒரே ஒரு விதி வைத்திருக்கிறோம். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வெளியே போனார்கள். ஒருவன் திரும்பி வந்தான்.

பழைய போட்டோ எல்லாம் அரசாங்க லேப்டாப்பில் இருந்தது, அது ஆன் ஆகவில்லை. போச்சா?

பெரும்பாலும் போகவில்லை. அந்த இலவச லேப்டாப்பில் பேட்டரியும் போர்டும்தான் சாகும், ஹார்ட் டிஸ்க் பல நேரம் உயிரோடு இருக்கும். அடியில் ஸ்க்ரூவைக் கழற்றி அதை எடுத்து, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற யூஎஸ்பி கேஸிங்கில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் சொருகினால் வந்துவிடும். தட் தட் என்று சத்தம் வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிடுங்கள். பரண் மேல் கிடந்த நாலு லேப்டாப்பிலிருந்து இப்படி எடுத்தோம். லேபில் பைபெட் என்கிற கண்ணாடிக் குழாயில் வாய் வைத்து உறிஞ்சி ஆசிட் குடித்தவன் போட்டோ அதில் கிடைத்தது, பெரிதாகப் பிரிண்ட் போட்டு மண்டப வாசலில் வைத்தோம். (நீர்த்த ஆசிட்தான், ஆள் நன்றாக இருக்கிறான்.)

சார், மேடம் யாரையாவது அழைக்கலாமா?

அழையுங்கள், போனில் இல்லாமல் வீட்டுக்குப் போய் அழையுங்கள். மேடையில் ஒரு மணி நேரம் பேச வைக்காதீர்கள்.

செட்டில் ஒருவர் இறந்துவிட்டால் குரூப்பில் அவருடைய நம்பரை என்ன செய்வது?

எங்களுக்கு அது நடந்தது. தொப்பூர் கணவாயில் பைக் விபத்து, அவன் போனது 2021 ஜனவரி. நம்பரை எடுக்க யாருக்கும் கை வரவில்லை, அப்படியே விட்டோம். வைகாசியில் ஒருநாள், யாரும் எதுவும் செய்யாமலே, அவன் குரூப்பை விட்டு வெளியேறியதாகக் காட்டியது. 120 நாள் பயன்படுத்தாமல் இருந்தால் வாட்ஸ்ஆப் அந்தக் கணக்கை எடுத்துவிடும், எனக்கு அது தொழில்முறையில் தெரிந்த விஷயம்தான். தெரிந்தும் அன்று கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். குரூப்பில் அன்று முழுக்க ஒருவரும் காலை வணக்கம்கூடப் போடவில்லை.

அதற்குப் பிறகு அவன் அம்மாவின் நம்பரை மூன்று பேர் வைத்துக்கொண்டோம். குரூப்பில் சேர்க்கவில்லை, அவருக்கு அது பாரம். பொங்கலுக்கு முன்னால் யாராவது இரண்டு பேர் நல்லம்பள்ளிப் பக்கம் அவர் வீட்டுக்குப் போய்விட்டு வருவோம். போனால் எங்கள் கல்யாணம், எங்கள் பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கேட்பார், முதல்முறை சொல்லத் தயங்கினேன், அவரே "சொல்லு சாமி" என்றார். சந்திப்புக்கும் அழைத்தோம். வரவில்லை, ஒரு பை நிறைய நிலக்கடலை கொடுத்தனுப்பினார்.

என் நம்பர் மாறப்போகிறது. யாருக்குச் சொல்ல வேண்டும்?

வாட்ஸ்ஆப் செட்டிங்ஸில் கணக்கு என்ற இடத்துக்குள் நம்பரை மாற்றும் வசதி இருக்கிறது, பழைய சிம் கையில் இருக்கும்போதே அதைச் செய்துவிட்டால் எல்லா குரூப்பிலும் புது நம்பர் தானாக வந்துவிடும். ஆப்பை அழித்துவிட்டுப் புதிதாகப் போடாதீர்கள், அப்படிச் செய்துதான் பாதிப் பேர் தொலைகிறீர்கள். உங்கள் ரூட் ஆள் ஒருவருக்கு நேரில் அல்லது போனில் சொல்லுங்கள். எங்கள் செட் ஆள் என்றால் கடைக்கு வாருங்கள், மேஜை இழுப்பறையில் 52 பேருக்கும் பக்கம் ஒதுக்கின ஒரு நோட்டு இருக்கிறது, பாதிப் பக்கங்களில் மூன்று நம்பரை அடித்து நாலாவது எழுதியிருக்கிறேன். பேனா மட்டும் கொண்டு வாருங்கள், கடையில் வைக்கிற பேனாவை யாரோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.